பின்சுவரின் சாட்சியம்: டப்ளின் ஒண்டுக்குடித்தன வீடும் நாம் எழுதவேண்டிய வீட்டு வரலாறும்



நினைவுச் சொற்பொழிவுகளில் மனிதர்களைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று ஒரு வீட்டைப் பற்றிப் பேசுவோம். அது நம் ஊர் வீடும் இல்லை. அயர்லாந்தின் தலைநகரம் டப்ளினில், ஹென்ரியெட்டா தெருவில், 14-ஆம் எண் வீடு. பிரபுவுக்காகக் கட்டப்பட்டது. பிறகு வக்கீல் வீடாகி, நீதிமன்றமாகி, படைவீரர் குடியிருப்பாகி, கடைசியில் ஏழைத் தொழிலாளர்களின் ஒண்டுக்குடித்தனமாகி, இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. ஒரே கட்டடத்துக்குள் சுமார் 270 ஆண்டுகளின் சமூக வரலாறு அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. அந்த அடுக்குகளைப் பிரித்துப் படித்துக் காட்டியதில் கட்டட ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

எங்கோ இருக்கும் அந்த வீடு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். எழுதுகிறவன் கையில் வரலாறு இருக்கிறது என்று நாம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். எழுத்து மறுக்கப்பட்டவர்களின் வரலாற்றை எங்கே தேடுவது என்ற கேள்விக்குப் பாட்டு, கதை, பழமொழி, சடங்கு என்று பதிலும் சொல்லி வருகிறோம். அந்தப் பட்டியலில் சுவரையும் சேர்க்கவேண்டும் என்பதே இந்த உரையின் வேண்டுகோள். யாருடைய அடுக்கை வரலாறு என்று பாதுகாப்பது, யாருடைய அடுக்கைச் சுரண்டி எறிவது என்ற கேள்வியும் அந்தச் சுவரிலேயே இருக்கிறது.

சுவரைப் படிப்பது எப்படி?

கட்டட ஆய்வு மந்திர வித்தை இல்லை. முதலில் அளக்கிறார்கள். ஒவ்வோர் அறையின் நீளம், அகலம், உயரம், சுவரின் கனம், கதவும் சன்னலும் இருக்கும் இடம் எல்லாவற்றையும் அளந்து வரைகிறார்கள். வரைந்த பிறகு பொருந்தாத இடங்களைத் தேடுகிறார்கள். அறையின் மேல்விளிம்பில் ஓடும் சுதை வேலைப்பாடு மூன்று பக்கம் ஒழுங்காக வந்து, நான்காவது பக்கத்தில் பாதிப் பூவோடு அறுந்து நின்றால், அந்த நான்காவது சுவர் பின்னால் வந்தது என்று பொருள். பெரிய அறை ஒன்றை யாரோ இரண்டாக்கியிருக்கிறார்கள்.

ஆணியும் பேசும். கொல்லன் பட்டறையில் அடித்த ஆணிக்கு ஒரு காலம், எந்திரம் வெட்டிய ஆணிக்கு ஒரு காலம், கம்பியில் செய்த ஆணிக்கு ஒரு காலம். ஒரு தடுப்புப் பலகையில் இருக்கும் ஆணியைப் பார்த்தே அது ஏறக்குறைய எப்போது அடிக்கப்பட்டது என்று கணிக்கலாம். வண்ணப்பூச்சில் ஒரு சிறு சில்லைப் பெயர்த்துக் குறுக்குவெட்டாக நுண்ணோக்கியில் வைத்தால், மரத்தின் ஆண்டு வளையம்போல, ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த பூச்சுகள் தெரியும். படிக்கட்டைப் பெயர்த்து எடுத்தாலும், அது ஏறிய சாய்கோடு சுவர்ப் பூச்சுக்குள் தங்கிவிடும். வீட்டின் உள்ளறைக் கதவுகளில் தெருக்கதவுக்கு உரிய பூட்டு ஒவ்வொன்றாக ஏறியிருந்தால், அந்த அறைகள் தனித்தனி வீடாகிவிட்டன என்று தெரிந்துகொள்ளலாம்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஆவணத்தில் கையெழுத்துப் போட எழுத்தறிவு வேண்டும், சொத்து வேண்டும், அதிகாரியின் தயவு வேண்டும். சுவரில் தடம் பதிக்க இவை எதுவும் வேண்டாம். குடியிருந்தாலே போதும். அடுப்புப் புகையும், கை பட்டுப் பட்டு வழவழத்த கைப்பிடியும், தேய்ந்த படியும் யாரிடமும் அனுமதி கேட்டுப் பதியவில்லை.

பிரபுவின் வீடு

ஹென்ரியெட்டா தெருவை 1720-களில் உருவாக்கத் தொடங்கியவர் லூக் கார்டினர் என்ற வங்கியாளர். 14-ஆம் எண் வீட்டை அவர் 1740-களின் இறுதியில் கட்டினார். அடித்தளமும் அதன்மேல் நான்கு தளங்களும் கொண்ட செங்கல் மாளிகை. முதலில் குடியிருந்தவர் மோல்ஸ்வொர்த் பிரபு. அயர்லாந்தில் ஆங்கிலேய ஆட்சியின் படைத்தலைமை வகித்தவர். அவருக்குப் பின் வந்தவர்களும் பிரபு, நீதித் தலைவர், பேராயர் என்ற வரிசைதான்.

இப்படிப்பட்ட வீட்டின் வரைபடமே ஒரு சமூகச் சட்டம். முன்வாசலில் நுழைந்தால் பெரிய கூடம், அதிலிருந்து முதல் தளத்து விருந்து அறைகளுக்கு ஏறும் அகன்ற படிக்கட்டு. விருந்தினர் பார்ப்பதற்காகவே செய்த அலங்காரம் எல்லாம் அங்கே. பின்புறத்தில் இன்னொரு படிக்கட்டு. அது குறுகலானது, எளிமையானது, எல்லாத் தளங்களையும் இணைப்பது. வேலைக்காரர்கள் நிலக்கரியையும் தண்ணீரையும் சுமந்து ஏறியதும், எசமானர்களின் மலச்சட்டியைச் சுமந்து இறங்கியதும் இதில்தான். ஒரே வீட்டுக்குள் இரண்டு பாதை. உழைப்பவரும் அனுபவிப்பவரும் எதிரெதிரே வராதபடி கட்டடக் கலைஞர் திட்டமிட்டிருக்கிறார்.

முன்வாசல் ஒருவருக்கு, கொல்லைப்புறம் ஒருவருக்கு என்ற ஏற்பாட்டை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

1801-இல் அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான இணைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. டப்ளினில் இருந்த நாடாளுமன்றம் மூடப்பட்டது. நாடாளுமன்றத்துக்காக அங்கே வீடு வைத்திருந்த பிரபுக்கள் லண்டனுக்கு நகர்ந்தார்கள். மாளிகைகள் காலியாகின. 14-ஆம் எண் வீட்டில் வக்கீல்கள் குடியேறினார்கள்.

அடுத்த மாற்றம் இன்னும் கசப்பானது. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். குத்தகை வராமல் நிலக்கிழார்கள் கடனில் மூழ்கினார்கள். கடனில் மூழ்கிய பண்ணைகளை விற்றுத் தீர்க்க 1849-இல் தனி நீதிமன்றம் ஒன்று அமைக்கப்பட்டது. 1850 முதல் 1860 வரை அந்த நீதிமன்றம் இயங்கியது இந்த 14-ஆம் எண் வீட்டில். பஞ்சத்தில் உழவர்கள் இழந்த நிலம், அவர்கள் கால் வைத்தறியாத ஒரு விருந்து மாளிகையில் கைமாறியது. அதன்பின் டப்ளின் படைப்பிரிவு ஒன்று 1876 வரை அதைத் தன் குடியிருப்பாகப் பயன்படுத்தியது.

அறை வீடானபோது

1877 அளவில் தாமஸ் வான்ஸ் என்பவர் வீட்டை வாங்கி 19 குடித்தனங்களாகப் பிரித்தார். ஓரறை, மூன்றறை, நான்கறை என்று பல அளவில் குடித்தனங்கள். கண்ணியமான குடும்பங்களுக்கு வாடகைக்கு விடப்படும், தண்ணீர் வசதி உண்டு, எரிவாயு விளக்கு உண்டு, படிக்கட்டு முகப்புகளில் கழிப்பறை உண்டு என்று நாளிதழில் விளம்பரமும் வந்தது.

இந்த மாற்றத்தில் வான்ஸ் செய்த முதன்மையான வேலை, அந்த அகன்ற அலங்காரப் படிக்கட்டைப் பெயர்த்து எடுத்தது. படிக்கட்டு அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் இன்னும் சில அறைகளைப் போட்டு வாடகை வாங்கலாம் அல்லவா? அதோடு வீட்டின் இயக்கமே தலைகீழானது. வேலைக்காரர்களுக்கென்று போட்ட பின்படிக்கட்டுதான் அத்தனை குடித்தனங்களுக்கும் ஏறி இறங்கும் வழியானது. பிரபு ஒருநாளும் பயன்படுத்தாத படி, வீட்டின் நடுத்தண்டாக நின்றது.

இந்தத் தெருவின் வேறு பல வீடுகளையும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாங்கி ஒண்டுக்குடித்தனமாக்கியவர், டப்ளினின் மேயர் பதவியையே வகித்த ஒருவர். கணப்படுப்புகளின் சலவைக்கல் முகப்புகளைப் பெயர்த்து விற்றும் காசாக்கினார். நகரத்தை நிர்வகிப்பவரும் சேரியில் வாடகை வாங்குபவரும் ஒருவரே என்பது நமக்கும் பழக்கமான காட்சி.

1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 14-ஆம் எண் வீட்டில் 100 பேர் இருந்தார்கள். தெரு முழுவதும் 850 பேருக்கு மேல். தையல்காரர், தொப்பி செய்பவர், மரச்சாமான்களுக்கு மெருகேற்றுபவர், புத்தகம் கட்டுபவர் என்று உழைத்துப் பிழைத்தவர்கள். அந்தக் கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்கள் இன்றும் இருக்கின்றன. எந்தக் குடும்பம், எத்தனை அறை, யார் யார், வயது என்ன, தொழில் என்ன, எழுதப் படிக்கத் தெரியுமா எல்லாம் பெயரோடு இருக்கிறது. அதே 1911-இல் இந்தியாவிலும் கணக்கெடுத்தார்கள். ஆனால் நமக்குக் கிடைப்பது சாதிவாரி அட்டவணைகளின் எண்கள். டப்ளின் ஏழைக்குக் கணக்கெடுப்பில் பெயர் மிஞ்சியது, நம் பாட்டன் பூட்டனுக்கு எண் மிஞ்சியது.

அந்த ஒண்டுக்குடித்தனத்தின் சுவரில் இரண்டு வண்ணங்கள். கூடத்திலும் படிக்கட்டிலும் கீழே சிவப்பும் நீலமும் மாறி மாறித் தீட்டப்பட்டிருந்ததை ஆய்வு காட்டியது. சிவப்பு, ஆட்டின் மேல் அடையாளம் போடப் பயன்பட்ட மலிவான செங்காவி. நீலம், ரெக்கிட்ஸ் நிறுவனத்தின் சலவை நீலம். அதே நிறுவனத்தின் நீலம்தான் நம் ஊரில் ராபின் புளூ என்ற பெயரில் வெள்ளை வேட்டிக்கும் பள்ளிச் சட்டைக்கும் போடப்பட்டது. நம் வீடுகளில் சுண்ணாம்படிக்கும்போது கொஞ்சம் நீலம் கலக்காதவர் யார்? கையில் காசில்லாதவர்களும் தம் சுவர் பார்க்க நன்றாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அந்த ஆசை பூச்சாக மிஞ்சி, நூறாண்டு கழித்து நுண்ணோக்கியில் தெரிகிறது. அதேபோல் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய லினோலியத் துண்டுகளும், சுவரில் அடுக்கடுக்காக ஒட்டிய மலிவான சுவர்த்தாள்களும் கிடைத்தன. ஒவ்வொரு தாளும் ஏதோ ஒரு குடும்பத்தின் பண்டிகைக்கோ கல்யாணத்துக்கோ ஒட்டப்பட்டிருக்கலாம்.

இடிந்து விழுந்த பிறகு வந்த விசாரணை

ஒண்டுக்குடித்தனத்தை நாம் அழகாக்கிப் பேசிவிடக்கூடாது. 1913 செப்டம்பர் 2 அன்று, ஹென்ரியெட்டா தெருவிலிருந்து அதிகத் தொலைவில்லாத சர்ச் தெருவில் இரண்டு ஒண்டுக்குடித்தன வீடுகள் இடிந்து விழுந்து 7 பேர் செத்தார்கள். அப்போது டப்ளினில் ஜிம் லார்கின் தலைமையில் தொழிலாளர் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. முதலாளிகள் கதவடைப்புச் செய்திருந்தார்கள். மக்கள் கோபத்தின் அழுத்தத்தில் வீட்டுவசதி விசாரணைக் குழு அமைக்கப்பட்டு, 1914 தொடக்கத்தில் அறிக்கை வந்தது. டப்ளின் நகர ஒண்டுக்குடித்தனங்களில் 25,822 குடும்பங்கள். அதில் 20,108 குடும்பங்களுக்கு இருந்தது ஒரே ஓர் அறை. நகரசபை உறுப்பினர்கள் சிலரே ஒண்டுக்குடித்தன உரிமையாளர்கள் என்பதும் அறிக்கையில் வெளிவந்தது.

அந்த விசாரணையில் சாட்சியம் சொன்னவர்களில் ஒருவர் பாட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர். இந்த டப்ளின் கதை சென்னைக்கு வந்து சேர்வது அவர் வழியாகத்தான்.

டப்ளினிலிருந்து சென்னைக்கும் பம்பாய்க்கும்

நகரத்தைத் திருத்துவதற்கு முன் அதை அளந்து பார், நடந்து பார், அங்கே வாழ்பவர் எப்படி வாழ்கிறார் என்று ஆய்வு செய் என்பது கெடஸின் கொள்கை. சேரியை மொத்தமாக இடித்துத் தள்ளுவதை அவர் எதிர்த்தார். 1914 கோடையில் ஹென்ரியெட்டா தெருவுக்குப் பக்கத்திலேயே, பழைய லினன் மண்டபத்தில், டப்ளின் நகரக் கண்காட்சி நடந்தது. கெடஸின் நகரக் கண்காட்சியும் அதில் இடம்பெற்றது. அது முடிந்ததும் கண்காட்சிப் பொருள்கள் சென்னைக்குக் கப்பலேறின. 1914 அக்டோபரில் அந்தக் கப்பலை மூழ்கடித்தது, அதற்கு முந்தைய மாதம் சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய அதே எம்டன். வரைபடங்களையும் படங்களையும் மறுபடி திரட்டி 1915-இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார் கெடஸ். சென்னை மாகாணத்து நகரங்களைப் பற்றி அறிக்கைகளும் எழுதினார். 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சமூகவியல் துறைக்கு முதல் பேராசிரியரும் அவரே. எங்களைப் போல் சமூகவியல் படித்தவர்கள் பாடப்புத்தகத்தின் முதல் பக்கங்களில் சந்திக்கும் பெயர்.

அதே பம்பாயில், அதே ஆண்டில், பாபாசாகேப் அம்பேத்கர் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர். குடியிருந்தது பரேலில், பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் கட்டிய தொழிலாளர் சாலில். சால் என்றால் நீண்ட தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள் கொண்ட ஒண்டுக்குடித்தனக் கட்டடம். பிளேக் நோய்க்குப் பின் 1898-இல் அந்த டிரஸ்ட் உருவானது. 1912 முதல் 1934 வரை அம்பேத்கர் குடும்பம் அங்கே இரண்டு அறைகளில் வாழ்ந்தது. டப்ளினும் பரேலும் ஒரே பேரரசின் இரண்டு முனைகள். நெருக்கமும் இரண்டு இடத்திலும் உண்டு. ஆனால் டப்ளின் ஒண்டுக்குடித்தனத்தில் ஒரே குழாயில் எல்லாரும் தண்ணீர் பிடித்தார்கள். சிடன்ஹாம் கல்லூரியிலோ, பேராசிரியர் அறையில் இருந்த தண்ணீர்ப் பானையை அம்பேத்கர் தொடக்கூடாது என்று உடன் பணியாற்றியவர்களே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அளவுநாடாவால் அளக்கமுடியாத சுவர் ஒன்று இங்கே கூடுதலாக இருந்தது. பல்கலைக்கழகச் சமூகவியல் அந்தச் சுவரை அட்டவணைப்படுத்தியது. அதற்குள் வாழ்ந்தவர்தான் அதை இடிக்கும் வழியை எழுதினார்.

அம்பேத்கர் 1921-22-இல் தங்கிப் படித்த லண்டன் வீடும் இங்கே நினைவுக்கு வரும். கிங் ஹென்றி சாலை, எண் 10. மகாராஷ்டிர அரசு 2015-இல் அதை வாங்கி நினைவகமாக்கியது. குடியிருப்பு வீட்டை அருங்காட்சியகமாக மாற்றுவது விதிக்குப் புறம்பான பயன்பாட்டு மாற்றம் என்று உள்ளூர் நிர்வாகம் அனுமதி மறுத்தது. அண்டை வீட்டார் சிலரும் எதிர்த்தார்கள். மேல்முறையீட்டுக்குப் பிறகு 2020-இல் பிரிட்டன் அரசு அனுமதி வழங்கியது. ஒரு வீடு எதற்குப் பயன்படவேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி பழைய மாளிகையோடு முடிந்துவிடவில்லை.

எந்த அடுக்கைக் காப்பாற்றுவது?

14-ஆம் எண் வீட்டிலிருந்து கடைசிக் குடும்பங்கள் 1970-களின் இறுதியில் வெளியேறின. பாழடைந்து கிடந்த வீட்டை டப்ளின் நகரசபை எடுத்து, பல ஆண்டுகள் பழுதுபார்த்து, 2018-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. அந்தப் பணியில் எடுத்த ஒரு முடிவு நம் கவனத்துக்கு உரியது.

பழைய மாளிகையைப் புதுப்பிக்கும்போது அதை அதன் பொற்காலத்துக்குத் திருப்புவதே பெரும்பாலான இடங்களில் வழக்கம். பின்னால் வந்த தடுப்பை எடு, மலிவான பூச்சைச் சுரண்டு, பிரபு பார்த்த வண்ணத்தைக் கண்டுபிடித்து மறுபடி அடி. அப்படிச் செய்திருந்தால் ஒண்டுக்குடித்தனக் காலம் முழுவதும் குப்பை என்று வெளியே போயிருக்கும். பிரபுக்கள் அந்த வீட்டில் இருந்தது சுமார் 50 ஆண்டு. ஏழைகள் இருந்தது சுமார் 100 ஆண்டு. ஆனால் வரலாறு என்ற பெயர் அந்த 50 ஆண்டுக்கு மட்டும் கிடைத்திருக்கும்.

டப்ளினில் அப்படிச் செய்யவில்லை. சில அறைகளில் பிரபு காலத்து வண்ணம். கூடத்திலும் படிக்கட்டிலும் ஒண்டுக்குடித்தனத்தின் சிவப்பும் நீலமும். சுவர்த்தாள் துண்டுகளும் லினோலியத் துண்டுகளும் சேகரித்துப் பாதுகாக்கப்பட்டன. அங்கே வாழ்ந்தவர்களிடமும் அவர்கள் பிள்ளைகளிடமும் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். சுவர் சொல்லாததை மனிதர்கள் சொன்னார்கள். மனிதர்கள் மறந்ததைச் சுவர் சொன்னது. குப்பை என்று கருதப்பட்ட அடுக்கை வரலாறு என்று ஏற்றுக்கொள்வது தொழில்நுட்ப முடிவு மட்டுமா? அது ஓர் அரசியல் முடிவு.

இங்கே படிக்கட்டு எங்கே நிற்கிறது?

இந்த இடத்தில் நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். டப்ளின் ஏழையும் நம் சேரி மக்களும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. 14-ஆம் எண் வீடு பிரபுவிடமிருந்து வக்கீலுக்கு, வக்கீலிடமிருந்து அரசுக்கு, அரசிடமிருந்து தொழிலாளிக்கு என்று படிப்படியாக இறங்கியது. வாடகை கொடுக்க முடிந்தவர் நுழைந்தார். பிரபு தூங்கிய அறையில் தொப்பி செய்பவரின் பிள்ளைகள் தூங்கினார்கள். வர்க்கத்தின் ஏணியில் வீடு கடைசிப் படி வரை இறங்க முடிந்தது.

நம் ஊரிலும் பெரிய வீடுகள் காலியாகின. அக்கிரகாரத்து வீடுகள், பண்ணை வீடுகள், செட்டிநாட்டு மாளிகைகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன. அவையும் பயன்பாடு மாறின. வங்கிக் கிளை, அஞ்சல் அலுவலகம், கிடங்கு, கல்யாண மண்டபம், இப்போது சுற்றுலா விடுதி. ஆனால் அவற்றில் எத்தனை வீடுகள் நம்மவர்களின் குடித்தனமாயின? பயன்பாடு மாறியது, வாசல்படி மாறவில்லை. இடிந்து மண்ணாகப் போனாலும் போகட்டும், காலனிக்காரனுக்கு வாடகைக்கு விடமாட்டோம் என்ற மனநிலையில் பூட்டு துருப்பிடித்தது. இன்றும் நகரத்தில் வீடு தேடும் நம் பிள்ளைகளிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வாடகையைச் சொல்கிறார்கள். டப்ளின் வீட்டின் இறங்குவழியை வரைந்தால் கடைசித் தளம் வரை கோடு போகும். நம் ஊர் வீட்டுக்கு அதே கோட்டை வரைந்தால் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் அது நின்றுவிடும். சாதி எப்படி வர்க்கத்திலிருந்து வேறுபடுகிறது என்பதற்கு இதைவிட எளிய வரைபடம் வேண்டுமா?

அந்த வீடுகளிலும் நம் தடம் உண்டு. வாடகைதாரராக இல்லை, வேலைக்காரராக. எடுப்புக் கக்கூஸ் இருந்த பழைய வீடுகளின் பின்சுவரைப் பாருங்கள். தரையோடு ஒட்டி ஒரு சிறு திறப்பு இருக்கும். சில வீடுகளில் அதற்குத் தகரக் கதவு. பின்சந்து வழியாக வந்து, அந்தத் திறப்பில் கைவிட்டு, மலத்தை அள்ளிச் சென்றவர்கள் நம் தாய்மார்கள். வீட்டுக்குள் காலடி வைக்காமல் வீட்டைச் சுத்தம் செய்யும்படி கட்டடமே வடிவமைக்கப்பட்டிருந்தது. 1993-இலும் 2013-இலும் மனித மலத்தை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டங்கள் வந்தன. அந்தத் திறப்புகள் பல இன்று செங்கல் வைத்து அடைக்கப்பட்டுச் சிமெண்ட் பூசப்பட்டிருக்கின்றன. மரபுவழி நடைப்பயணம் போகிறவர்களுக்கு முன்வாசல் தேக்குத் தூணையும் முற்றத்தையும் காட்டுகிறார்கள். அடைத்த திறப்பைக் காட்டுவதில்லை. தூணுக்கு ஆண்டு குறிக்கும் கட்டட ஆய்வு, அந்தத் திறப்புக்கும் ஆண்டு குறிக்கவேண்டும். எப்போது போட்டார்கள், எப்போது அடைத்தார்கள் என்று எழுதவேண்டும்.

நம் வீடுகளுக்கு யார் வரைபடம் போடுவது?

பிரபுவின் வீடு செங்கல். அதனால் அதில் குடியிருந்த ஏழையின் தடமும் மிஞ்சியது. நம் குடிசைகள் மண்ணும் ஓலையும். நிலமும் நமதில்லை. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையில் இதைத் தெளிவாகச் சுட்டினார். குடிசை நிற்கும் மனைகூட மிராசுதாருக்கு உரியது என்பதால், எதிர்த்துப் பேசினால் குடியிருப்பே போய்விடும் என்ற அச்சம் மக்களைக் கட்டிப்போட்டிருந்தது. அந்த அறிக்கையை ஒட்டியே 1892-இல் நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத்தான். எந்த நேரமும் காலி செய்யச் சொல்லலாம் என்ற நிலையில் எவர் செங்கல் வைத்துக் கட்டுவார்? நம் வீடுகளுக்குப் பழைய சுவர் இல்லாமல் போனதற்கு வறுமை மட்டும் காரணமில்லை. நிலைத்து நிற்கும் சுவர் எழுப்பும் உரிமையே நமக்கு மறுக்கப்பட்டிருந்தது.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது ஒரே குடிசைக்குள். எத்தனை சிறிய இடத்தில் அத்தனை உயிர்கள் அடைந்தன என்று உலகுக்குச் சொல்ல அந்தக் குடிசையின் சுவர் மிஞ்சவில்லை. சாம்பலுக்கு அளவு வரைபடம் கிடையாது.

ஆனால் எல்லாம் போய்விடவில்லை. காலனிகளில் அரசு கட்டித்தந்த தொகுப்பு வீடுகள் இருக்கின்றன. தேயிலைத் தோட்டத்து லயன்கள் இருக்கின்றன. கோலார் தங்கவயலில் நம் மக்கள் வாழ்ந்த தொழிலாளர் குடியிருப்புகள் இருக்கின்றன. நகராட்சித் துப்புரவுப் பணியாளர் குடியிருப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பயன்பாடு மாறிக்கொண்டே வந்திருக்கும். தொகுப்பு வீட்டின் ஒற்றை அறையை மகன் கல்யாணத்துக்காகத் தடுத்தது, முன்பக்கம் தகரம் இறக்கிப் பெட்டிக்கடை போட்டது, இரவுப் பாடசாலை நடத்தியது, சுவரில் முதன்முதலாக அம்பேத்கர் படம் மாட்ட ஆணி அடித்தது எல்லாம் வரலாறு. பழுதடைந்தவை என்று அவை இப்போது ஒவ்வொன்றாக இடிக்கப்படுகின்றன. ஒழுகும் கூரைக்குக் கீழே யாரும் வரலாற்றுக்காக வாழவேண்டியதில்லை. இடித்துப் புதிதாகக் கட்டித் தரச்சொல்லிப் போராடுவோம். ஆனால் இடிக்கும் முன் அளந்துவிடுவோம்.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு நாடா, ஒரு நோட்டு, ஒரு கைப்பேசி போதும். வீட்டை அளந்து வரையுங்கள். எந்தச் சுவர் முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எந்த ஆண்டு மின்சாரம் வந்தது, அடுப்பு எங்கே இருந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் தடுத்தார்கள் என்று கேளுங்கள். பட்டாவின் நகலை அதோடு சேர்த்து வையுங்கள். பெயரை எழுதுங்கள், எண்ணை மட்டும் எழுதாதீர்கள். ஊருக்குள் இருக்கும் பெரிய வீட்டை ஆய்வு செய்யும் வாய்ப்பு கட்டடக்கலை படிக்கும் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தால், அவர்கள் கொல்லைப்புறத்திலிருந்து தொடங்கட்டும்.

அடுத்த நினைவுக் கூட்டத்துக்குள் ஆளுக்கு ஒரு வீடு என்று எடுத்துக்கொண்டால், இந்த அரங்கில் இருப்பவர்களின் கையிலேயே ஒரு தொகுதி சேர்ந்துவிடும். அதை அச்சிடுவது நம் அமைப்பின் பொறுப்பு. அளக்கவேண்டிய முதல் வீடு எது என்று இன்றிரவே வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் கேளுங்கள்.

ஜெய்பீம்.